கூலிக்குப் போனவனும் கட்டைக்குச் சொந்தக்காரனும்

குற்றங்களைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர், பேராசைதான் குற்றத்துக்கு வேர் என்று முடித்துவிட்டார். சரி, ஜவ்வாது மலைக்காரர்கள் ஆந்திராவின் சேஷாசலம் காட்டுக்குச் செம்மரம் வெட்டப் போனது எந்த ஆசையில்? மழையை நம்பிய சாமை, அடைபடாத கடன். அந்த நேரம் பார்த்து ஒரு தரகர் வந்து, ஊரில் கிடைப்பதைவிடப் பல மடங்கு கூலி என்று முன்பணத்தை நீட்டுவார். வேறு வேலை இல்லாதவன் என்ன சொல்வான்?

2015 ஏப்ரல் 7 அன்று அந்தக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திரப் போலீசார் சுட்டதில் 20 பேர் செத்தார்கள், எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள். கல்லெறிந்து தாக்கினார்கள் என்றது போலீஸ். போலீசார்தான் அவர்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றன குடும்பங்கள். செம்மரம் வெட்டுவது குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் சீனா வரை கட்டையை அனுப்பிக் காசு பார்க்கும் முதலாளி எவரும் அன்று அங்கே விழுந்து கிடக்கவில்லையே.