அந்த 150 ரூபாய் சலுகை யாருக்கு?

60 வயது தாண்டியவர்களுக்கு பாஸ்போர்ட் கட்டணத்தில் சலுகை உண்டு என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது. பொய்யில்லை. 2017-இல் சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது அறிவித்தது. 10 சதவீதம் தள்ளுபடி. 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூபாய், மூத்தவர் 1350 கட்டினால் போதும். ஆனால் முதன்முறை எடுப்பவருக்கு மட்டும்தான். புதுப்பித்தால் முழுக் கட்டணம். தட்காலுக்கு மேலே வாங்கும் 2000-இல் ஒரு பைசா குறையாது.

என் ஆதங்கமே இதுதான். பேரன் பிறந்த சமயம் எடுத்த பாஸ்போர்ட்டை 72 வயதில் புதுப்பிக்க வரும் அம்மாவுக்குத்தானே சலுகை வேண்டும்? அவரிடம் 10 ஆண்டுக்கான முழுத்தொகை. புதிதாக எடுப்பவருக்கு 150 ரூபாய் தள்ளுபடி. சலுகையை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

அது மாறும்போது மாறட்டும். பெரியவர்கள் மாட்டிக்கொள்வது பணத்தில் இல்லை, பெயரில். நம்மூரில் ஆதார், பான், பென்ஷன் புத்தகம் எல்லாவற்றிலும் 'கே. சுப்பிரமணியன்' என்றே இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏறாது, விரித்துத்தான் எழுத வேண்டும். 'கே' என்பது கந்தசாமி என்று காட்ட ஒரு தாளாவது கையில் இருக்க வேண்டாமா? முதலில் ஆதாரில் இனிஷியலை விரித்துத் திருத்துங்கள், அடுத்து பான். இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வந்த பிறகு விண்ணப்பியுங்கள். ஒரு 'எச்' கூடிக் குறைந்தாலும் சிக்கல்தான்.

சர்நேம் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், அப்பா பெயரைப் போடுங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுக்கு 2022 நவம்பரில் அமீரகம் தடை போட்டது நினைவிருக்கும். உள்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் பரவாயில்லை என்று பிறகு தளர்த்தினார்கள். அதற்குள் எத்தனை பேருக்கு வயிற்றைக் கலக்கியது!

அடுத்தது பிறந்த தேதி. பழைய ஆட்களுக்கு ஆதாரில் வருடம் மட்டும் இருக்கும். நாள், மாதம், வருடம் மூன்றும் இல்லாத ஆதார் பிறந்த தேதிச் சான்றாக எடுபடாது. பிறப்புச் சான்றிதழ் இல்லையே என்று பதற வேண்டாம். பான் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், தேதி போட்ட எல்ஐசி பத்திரம், அரசு வேலையில் இருந்தவர் என்றால் பென்ஷன் ஆணை, ஏதாவது ஒன்று போதும்.

முகவரியில் நடக்கும் கூத்து வேறு. அம்மா இருப்பது தாம்பரத்தில் மகன் வீட்டில், ஆதார் முகவரி தென்காசி. மகன் பாஸ்போர்ட்டைக் காட்டினால் செல்லாது. கணவரின் பாஸ்போர்ட் செல்லும், அதில் மனைவி பெயர் இருந்து முகவரியும் ஒன்றாக இருந்தால். தென்காசி முகவரியிலேயே போட்டுவிட்டு வீட்டைப் பூட்டி வந்தால், போலீஸ் விசாரணைக்கு வருபவர் 'ஆள் இல்லை' என்று எழுதிவிடுவார். அங்கிருந்து இழுபறி. யார் எங்கே இருப்பார் என்று முடிவு செய்துகொண்டு, ஆதார் முகவரியை மாற்றிவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது.

நோட்டரி கையெழுத்து வேண்டும் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 2016 டிசம்பருக்குப் பிறகு உறுதிமொழிகளை வெள்ளைத்தாளில் நாமே எழுதிக் கையெழுத்திட்டால் போதும். விண்ணப்பிக்கும் தளத்தின் முகவரி gov.in என்றுதான் முடிய வேண்டும். அதைப் போலவே தோன்றும் போலித் தளங்கள் நிறைய, கட்டணமும் கூட வாங்குவார்கள்.

பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்கு, அதாவது விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் அலுவலகத்துக்குப் போகிற அன்று அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை வேண்டாம். அங்கே முதலில் வரும் 'ஏ' கவுண்டரில் படம் எடுக்கும்போது பின்னணியும் வெள்ளை, தலையும் வெள்ளை, முகம் மட்டும் தனியே மிதக்கும். அடர்நிறச் சட்டை போட்டுவிடுங்கள்.

50 வயது தாண்டினாலே இசிஎன்ஆர் தகுதி உண்டு, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டாம். அதற்குப் படிப்புச் சான்றும் தேவையில்லை. பழைய பாஸ்போர்ட்டில் இசிஆர் (அந்த அனுமதி தேவை) என்று இருந்தால் புதுப்பிக்கும்போதே நீக்கச் சொல்லுங்கள். கட்டணச் சலுகையைவிட இது பெரிது, இதைத்தான் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

புதுப்பிக்கக் காலாவதி வரை காத்திருக்க வேண்டாம், ஓராண்டுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். பழைய புத்தகத்தில் அமெரிக்க விசா இன்னும் உயிரோடு இருந்தால், ரத்து செய்த அந்தப் புத்தகத்தைத் திரும்ப வாங்கி புதியதோடு சேர்த்து வையுங்கள். பயணத்துக்கு இரண்டும் வேண்டும்.