லைட்டர் காட்டினால் கருகும் பனி பிளாஸ்டிக் அல்ல

பனி உருண்டையை லைட்டரால் சுடுகிறார்கள்; ஒரு சொட்டு நீர்கூட விழவில்லை, அடிப்பக்கம் கருகுகிறது. "ஆல்ப்ஸ் பனிச்சறுக்கு மையங்களில் கொட்டுவது பிளாஸ்டிக் பனி" என்று இந்த வீடியோவைப் பகிர்கிறார்கள். தகவல் தவறு.

அந்தக் கருப்பு, லைட்டரின் பியூட்டேன் வாயு முழுதாக எரியாமல் படியும் கரி. உருகிய நீரை மிச்சப் பனியின் இடுக்குகளே உறிஞ்சிக்கொள்கின்றன, அதனால் சொட்டுவதில்லை. வானத்திலிருந்து விழுந்த பனியைச் சுட்டாலும் இதேதான் நடக்கும். அமெரிக்காவில் 2014இல் அட்லாண்டாவிலும் 2021இல் டெக்சாஸிலும் கிளம்பிய புரளியும் இதுதான். அங்கே பெய்தது இயற்கைப் பனி!

சரி, பனிச்சறுக்கு மையங்களில் கொட்டும் செயற்கைப் பனி என்பது என்ன? தண்ணீரையும் அழுத்தப்பட்ட காற்றையும் நுண்துளை வழியாகப் பீய்ச்சினால், குளிரில் துளிகள் தரையைத் தொடும் முன்பே உறைந்துவிடும். அவ்வளவுதான். சில நாடுகளில் சீக்கிரம் உறைய, கொல்லப்பட்ட ஒரு பாக்டீரியாவின் புரதத்தைச் சேர்ப்பதுண்டு. அதுவும் பிளாஸ்டிக் இல்லை.

கவலைப்பட வேண்டியது வேறு: இதற்குச் செலவாகும் தண்ணீரும் மின்சாரமும், மலைமேல் தோண்டப்படும் நீர்த்தேக்கங்களும். இதைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை. ஐரோப்பாவின் 2,234 பனிச்சறுக்கு மையங்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, புவி வெப்பம் 2 டிகிரி உயர்ந்தால் 53 சதவீத மையங்கள் கடும் பனிப்பற்றாக்குறை அபாயத்தில் சிக்கும். சரிவுகளில் பாதியைச் செயற்கைப் பனியால் மூடினாலும் 27 சதவீத மையங்களுக்கு அந்த அபாயம் நீங்காது.