கரட்டில் கன்று நட நான் ஏன் வரவில்லை

போன ஆடி மாதம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்க்கரட்டில் மரக்கன்று நடுகிறோம், சும்மா கிடக்கிற கரட்டைச் சோலையாக்குவோம், மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வரவும் என்று. நான் போகவில்லை. அடுத்த வாரம் வாழப்பாடி பஸ் ஸ்டாண்டில் சித்தப்பாவைப் பார்த்தேன். “என்ன கண்ணு, செடி கொடின்னு ஊரெல்லாம் சுத்தற, மரம் நடக் கூப்பிட்டா மட்டும் வர மாட்டேங்கற?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பஸ் வந்துவிட்டதால் அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கும், அவரைப் போலக் கேட்ட மற்றவர்களுக்கும் இங்கே எழுதுகிறேன்.

சேலத்துக்காரர்களுக்குக் கரடு என்றால் விளக்க வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: மலை என்று சொல்லும் அளவுக்கு உயரமில்லாமல், பாறையும் புல்லும் முள்ளுமாக நிற்கிற குன்று. சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வரலாம். சித்திரையில் பார்த்தால் வெந்து கிடப்பது போலத்தான் தெரியும். ஒரு நல்ல மழை பெய்த பத்தாம் நாள் அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று இருக்கும்.

எங்கள் ஆயா, அதாவது பாட்டி, அந்தக் கரட்டில்தான் ஆடு மேய்த்தார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். ஊசிப்புல் பாவாடையெல்லாம் தைத்துக்கொண்டு வீட்டுக்கு வரும். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். அந்தப் புல்லின் விதைக்கு ஒரு நீண்ட வால் உண்டு. ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். அப்படி முறுக்கி முறுக்கியே விதை தன்னைத் தானே மண்ணுக்குள் திருகிக்கொள்ளும். யாரும் குழி தோண்டி நட வேண்டாம்.

கொழுக்கட்டைப்புல் என்றால் ஆடுகளுக்கு உயிர். அரப்புத் தழையை உருவி, நிழலில் காயவைத்து இடித்துத் தலைக்குத் தேய்ப்போம். பாறை இடுக்கில் கள்ளிமுளையான் தென்பட்டால் ஆயா ஒடித்துக் கொடுப்பார், பச்சையாகவே தின்போம். ஆவாரை, பிரண்டை, காரை, சூரை, இலந்தை என்று எனக்குத் தெரிந்த செடிப் பெயர்களில் பாதி அந்தக் கரட்டில் கற்றவை. ஆயா ஒருநாளும் “கரட்டுக்குப் போறேன்” என்று சொன்னதில்லை, “காட்டுக்குப் போறேன்” என்பார். எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலமும் காடுதான், மேய்ச்சல் நிலமும் காடுதான். மரம் அடர்ந்து நின்றால்தான் காடு என்ற எண்ணம் எனக்குப் பாடப் புத்தகம் படித்த பிறகு வந்தது.

வருவாய்த் துறைக் கணக்கில் இந்த நிலத்துக்கு வேறு பெயர்கள். தீர்வை ஏற்படாத தரிசு, கல்லாங்குத்து, மேய்க்கால் புறம்போக்கு. வெள்ளைக்காரர் காலத்தில் வரி வருமா வராதா என்று பார்த்துப் பிரித்த பிரிவுகள் இவை. வரி வராததால் தரிசு. 2000இல் துணைக்கோள் படங்களை வைத்து இந்தியாவின் தரிசு நிலங்களுக்கு ஒரு வரைபடத் தொகுப்பு வெளியிட்டார்கள். அதிலும் புதர் நிலம், பாறை நிலம் எல்லாம் தரிசுப் பட்டியலில்தான். தரிசு என்று எழுதிவிட்டால் அப்புறம் அங்கே எதை வேண்டுமானாலும் செய்யலாம். குவாரிக்குக் கொடுக்கலாம், குப்பை கொட்டலாம், மனை போடலாம். மனசாட்சி உள்ளவர்கள் மரம் நடுவார்கள். நோக்கம் வேறுவேறு, ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற நினைப்பு ஒன்று: அங்கே இப்போது எதுவும் இல்லை.

இந்த நினைப்பைத்தான் கடந்த இருபது வருட ஆய்வுகள் உடைத்திருக்கின்றன. பெங்களூரில் இருக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் இருவரும் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2011இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். காடு என்று நாம் சொல்லும் எவையெல்லாம் உண்மையில் சவானா, அதாவது மரங்கள் சிதறி நிற்கும் புல்வெளி, என்பதுதான் கேள்வி. மரத்தை எண்ணிப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, கீழே என்ன வளர்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார்கள். வெயிலை நேராக வாங்கி வளரும் வகைப் புல் தரையில் இருந்தால், மேலே மரம் இருந்தாலும் அது புல்வெளியின் பிள்ளை. அந்த மரங்களும் தனி ரகம்: தீப்பட்டாலும் வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்ப்பவை. நம் அரப்பு அப்படித்தான், எத்தனை முறை கவ்வாத்து செய்தாலும் வரும்.

இதை விவசாயிக்கு விளக்கச் சிரமமே இல்லை. கரட்டுப் புல்லும் சோளமும் கம்பும் கரும்பும் வெயிலைப் பயன்படுத்தும் விதத்தில் ஒரே சாதி. மர நிழலில் விழுந்த சோளத்தட்டு எப்படி இருக்கும்? வரப்போரம் வேப்பமரம் இருந்தால் அந்தப் பக்கம் நாலு சால் தேறாது என்று சித்தப்பாவே சொல்வார். அதேதான் கரட்டிலும் நடக்கிறது. நாம் அடர்த்தியாக மரம் வைத்து, அது பிழைத்து நிழல் கட்டினால், புல் போய்விடும். புல்லோடு கௌதாரி போகும், வானம்பாடி போகும், வெட்டுக்கிளியும் எலியும் குறையும், அவற்றைத் தின்னும் பாம்பும் பருந்தும் வேறு இடம் தேடும்.

மலையிலும் இதே கதை நடந்து முடிந்திருக்கிறது. பழனி மலையில் 1970களிலிருந்து நாற்பது ஆண்டுத் துணைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கிருந்த புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. பெரும்பகுதியை விழுங்கியது சீகை (வாட்டில்), தைலமரம், பைன் தோட்டங்களும் விவசாயமும். மேலிருந்து பார்த்தால் பச்சை கூடியிருக்கும். கொடைக்கானல் போய் அந்தப் பைன் மரங்களுக்கு நடுவே நின்று படம் எடுக்காதவர்கள் நம்மில் குறைவு, நானும் எடுத்திருக்கிறேன். அதற்கு அடியில் புதைந்த புல்வெளியை அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஏற்காட்டுக்கு வருவோம். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டருக்கு மேல். இந்த மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்களின் சாமி அது. சுற்றிலும் பரந்த வெளி, காற்று, புல். மலை முழுக்க அப்படியே இருக்கவில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டு வந்தார். காப்பிக்கு நிழல் வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் வந்தது, அதில் மிளகுக்கொடி ஏறியது. உச்சிச் சமவெளிகளில் பாக்சைட் வெட்டினார்கள். அலுமினியத்துக்கான அந்த மண் மலையின் தலையில் தொப்பி போலப் படிந்திருப்பது, எனவே வெட்டும்போது முதலில் போவது உச்சியின் புல்லும் புதரும்தான். லாண்டானா என்கிற உண்ணிச்செடியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு பக்கமும் அதுதான் நிற்கிறது.

இத்தனைக்குப் பிறகும் அந்த மலையில் என்ன மிஞ்சியிருக்கிறது தெரியுமா? வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்று ஒரு சிறு மரம். சூரியகாந்திக் குடும்பம். நம் சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் பண்ணை 1963இலிருந்து இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் படகுக்குழாமுக்கும் லேடீஸ் சீட்டுக்கும் போய்விட்டு இறங்கிவிடுகிறோம். அடிவாரத்துப் பாறைச் சரிவுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் இருக்கிறது. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை, அழியும் வாய்ப்புள்ள பட்டியலில் இருப்பது. அதற்கு வேண்டியது வானுயர்ந்த மரமில்லை. பாறை, முட்புதர், அதில் பழுக்கும் சின்னப் பழங்கள். அதாவது, நாம் சும்மா கிடக்கிறது என்கிற இடம்.

அப்புறம் வங்காநரி. இதை எழுதாமல் எங்கள் பக்கத்துக் கதை முடியாது. பொங்கலையொட்டி வாழப்பாடிப் பக்கத்துச் சில கிராமங்களில் வங்காநரியைப் பிடித்து வந்து, ஊர்வலம் விட்டு, கோயில் முன் ஓடவிட்டு, பிறகு கொண்டுபோய் விடுகிற வழக்கம் உண்டு. நரி முகத்தில் விழித்தால் நல்லது, மழை வரும், விளையும் என்பது நம்பிக்கை. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வனத்துறை தடுக்கிறது, அபராதம் போடுகிறது. நானும் கூடாது என்றுதான் சொல்வேன். வலையில் சிக்கி, கூட்டத்தின் நடுவே வாய் கட்டப்பட்டு நிற்கும் நரியின் கண்ணைப் பக்கத்தில் பார்த்தவள் நான். ஆனால் வருடத்தில் ஒருநாள் நடக்கும் அந்தத் தவறைப் பற்றி ஊடகத்தில் எல்லாம் பேசுகிறோமே, மீதி 364 நாள் அந்த நரி எங்கே வாழ்கிறது என்று யாராவது கேட்டோமா?

வங்காநரி அடர்ந்த காட்டு விலங்கே இல்லை. புல்லும் புதரும் மானாவாரிக் காடும் கலந்த திறந்தவெளியில் வளை தோண்டி வாழும். எலி, வண்டு, கறையான், ஓணான், இலந்தைப்பழம் என்று கிடைத்ததைத் தின்னும். மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் பக்கம் நன்னஜ் புல்வெளியில் அபி தமீம் வனக் இந்த நரியைப் பல ஆண்டு ஆராய்ந்தார். அவரும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஒரு சோதனை என் மனதை விட்டுப் போகவே இல்லை. நரிக்கு உணவு வைத்துப் பக்கத்தில் நாயைக் கட்டிவைத்தார்கள். நாய் தொடவே முடியாத தூரத்தில் இருந்தும், நரி உணவைக் குறைவாகவே எடுத்தது. கடிபட வேண்டியதில்லை, நாய் இருக்கிறது என்ற பயமே போதும். கரட்டடியில் கறிக்கடைக் கழிவைக் கொட்டுகிறோம், அதற்கு நாய்க்கூட்டம் வருகிறது, நரி விலகிப் போகிறது. அது இருந்த வளையின் மேல் நாமே மரம் நடக் குழி வெட்டுகிறோம். இது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

கானமயில் இப்படித்தான் போனது. ஒரு காலத்தில் தமிழ்நாடு வரை இருந்த புல்வெளிப் பறவை, இன்று இயற்கையில் மிஞ்சியவை 150க்கும் குறைவு, பெரும்பாலும் தார்ப் பாலைவனத்தில். வரகுக்கோழியும் அந்த வழியில். தன் பெயரில் தானியத்தை வைத்திருக்கும் பறவையை நம் பிள்ளைகள் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

“சரி, பூமி சூடாகிறதே, மரம்தானே காற்றிலுள்ள கரியை (கார்பனை) இழுக்கும்?” இது நல்ல கேள்வி. 2019இல் உலகம் முழுக்க 90 கோடி ஹெக்டேரில் மரம் வளர்க்க இடமிருக்கிறது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வந்து பெரும் பேச்சானது. அதே ஆண்டிலேயே பல சூழலியலாளர்கள் மறுத்து எழுதினார்கள்: காலி இடம் என்று நீங்கள் கணக்கிட்டதில் புல்வெளிகளும் சவானாக்களும் இருக்கின்றன என்று. மரம் தன் கரியில் பெரும்பகுதியைத் தரைக்கு மேல் வைத்திருக்கிறது, தீப்பிடித்தால் காற்றில் போய்விடும். புல் வேரிலும் மண்ணிலும் சேர்க்கிறது, மேலே எரிந்தாலும் கீழே இருக்கும். வறட்சியும் தீயும் கூடும் கலிபோர்னியாவில் புல்வெளியே நம்பகமான சேமிப்பு என்று 2018இல் ஓர் ஆய்வு சொன்னது. சேலம் கலிபோர்னியா இல்லை, தெரியும். ஆனால் வைகாசியில் கரடு எரிவதை வீட்டு மாடியிலிருந்து பார்க்கிற நமக்கு இது புரியாததா?

இன்னொன்று. அசீஷ் நெர்லேகரும் ஜோசப் வெல்ட்மேனும் 2020இல் காட்டியபடி, ஒரு பழைய புல்வெளியை உழுதோ கிளறியோ அழித்துவிட்டால், இழந்த செடி வகைகள் திரும்பக் குறைந்தது நூறு ஆண்டு, பல சமயம் அதற்கும் மேல் ஆகும். மூன்று மணி நேரத்தில் ஜேசிபி வைத்து வெட்டிய குழிக்கு நூறு ஆண்டு.

1988 தேசிய வனக் கொள்கை மொத்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு மரப்போர்வை வேண்டும் என்கிறது. அந்த இலக்கை எட்ட எல்லா மாநிலமும் ஓடுகிறது. புல்வெளி இத்தனை பங்கு இருக்க வேண்டும் என்று எந்த இலக்கும் இல்லை. எனவே கன்று எண்ணிக்கைக்கு இடம் தேடும்போதெல்லாம் கை கரட்டின் மேல்தான் விழுகிறது. நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு: மதுரைப் பக்கம் அரிட்டாப்பட்டிப் பாறைக் குன்றுகளை 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த மக்களுக்குத் தங்கள் குன்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தது. நம் கரட்டில் என்ன இருக்கிறது என்ற கணக்கு நம்மிடம் இருக்கிறதா?

தை மாதம் ஊர்க்கரட்டுக்குப் போனேன். கன்றுகளில் பெரும்பாலானவை காய்ந்து குச்சியாக நின்றன. குழிகளைச் சுற்றிக் கிளறிய மண்ணில் பார்த்தீனியம் முளைத்திருந்தது. கொழுக்கட்டைப்புல் இருந்த மேடு அது. நட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஞாயிறு தூக்கத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். அந்த உழைப்பு ஏரிக்கரைக்குப் போயிருக்கலாம். பள்ளி மைதானத்துக்கும், நெடுஞ்சாலை அகலப்படுத்த நூற்றுக்கணக்கில் புளியமரத்தை வெட்டிய சாலையோரத்துக்கும் போயிருக்கலாம். அங்கே கூப்பிட்டால் முதல் ஆளாக மண்வெட்டியோடு வருவேன். கரட்டுக்கு வேண்டியது சீமைக்கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் வேரோடு எடுப்பதும், கறிக்கழிவைக் கொட்டாமல் இருப்பதும், சில இடங்களில் மேய்ச்சலுக்கு ஒரு பருவம் ஓய்வு கொடுப்பதும்.

சேலத்துக் கல்லூரிகளில் தாவரவியல், விலங்கியல் படிக்கிற தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். ப்ராஜெக்டுக்கு நீலகிரிக்கும் களக்காட்டுக்கும் போகிறீர்கள், போங்கள். ஒரு வருடம் உங்கள் ஊர்க்கரட்டிலும் உட்காருங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டி, உள்ளே எத்தனை வகைப் புல், எத்தனை செடி என்று மாதாமாதம் எண்ணி எழுதுங்கள். ஆடு மேய்க்கிற பெரியவர்களைக் கூட உட்கார வையுங்கள், பாதிப் பெயர் அவர்களிடம்தான் கிடைக்கும். அடுத்த முறை யாராவது தரிசு என்று கோப்பு எழுதும்போது எதிரே வைக்க ஒரு தாளாவது இருக்கும்.

அடுத்த நல்ல மழை பெய்து பத்தாம் நாள் காலை நான் எங்கள் கரட்டடியில் இருப்பேன். கயிறும் நோட்டும் கொண்டு வருகிறேன். சித்தப்பா, நீங்களும் வாங்க. ஊசிப்புல் தைக்கும், வேட்டி வேண்டாம்.