கியூவை உருவாக்கியாச்சு சரி, அழிப்பது யார்?

மெசேஜ் கியூ (ப்ரோகிராம்கள் ஒன்றுக்கொன்று தகவல் போட்டு எடுக்கும் வரிசை) பற்றி யார் பாடம் எடுத்தாலும் நான்கு சிஸ்டம் கால்களில் (ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் வேலை கேட்கும் அழைப்புகளில்) முதல் மூன்றைத்தான் ஆசை ஆசையாக நடத்துகிறார்கள். எம்எஸ்ஜிகெட் கியூவைத் திறக்கும், எம்எஸ்ஜிசென்ட் போடும், எம்எஸ்ஜிரிசீவ் எடுக்கும். கியூவின் நிலையைப் பார்க்கவும் அதை அழிக்கவும் உதவும் நான்காவதான எம்எஸ்ஜிசிடிஎல்லுக்குக் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி. என்னைக் கேட்டால் முதலில் நடத்த வேண்டியதே அதுதான்.

பட்டபிறகு வந்த ஞானம் இது. ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) அளவீடுகளை அனுப்பும், இன்னொன்று வாங்கி டிஸ்கில் எழுதும். அவ்வளவுதான் என் ப்ரோகிராம். ஒருநாள் மெசேஜின் வடிவத்தைச் சொல்லும் ஸ்ட்ரக்சரில் தேவைப்படாத ஒரு ஃபீல்டை எடுத்துவிட்டு, இரண்டையும் கம்பைல் செய்து ஓட்டினேன். வாங்குகிற பக்கம் முதல் மெசேஜிலேயே எரர். நிறுத்தி ஓட்டினாலும் அதே எரர். கோடை வரி வரியாகப் படித்தேன், ஒன்றும் அகப்படவில்லை. மெஷினை ரீபூட் செய்தேன், சரியாகிவிட்டது! நானும் வெட்கமில்லாமல் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

அடுத்த முறை ஸ்ட்ரக்சரைச் சுருக்கியபோது மறுபடி அதே கதை. அப்போதுதான் கியூக்களைப் பட்டியலிடும் ஐபிசிஎஸ் கமாண்டைத் தட்டிப் பார்த்தேன். பழைய ஓட்டத்தில் யாரும் எடுக்காமல் விட்ட மெசேஜ்கள் கியூவில் அப்படியே கிடந்தன. நான் பயன்படுத்திய சிஸ்டம் ஃபைவ் என்ற பழைய வகைக் கியூ இருப்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னலுக்குள். உருவாக்கிய ப்ராசஸ் செத்தாலும் அது சாகாது. யாராவது அழிக்க வேண்டும், இல்லையென்றால் ரீபூட் ஆக வேண்டும். பழைய மெசேஜ் பெரியது, அதை வாங்கி வைக்கும் என் புது பஃபர் சிறியது. கர்னல் ஈ2பிக் (அளவு மீறியது) என்று மறுத்துவிட்டு மெசேஜை இருந்த இடத்திலேயே வைத்துவிடும். எத்தனை முறை கேட்டாலும் வரிசையின் தலையில் அதே ஆள்தான் நிற்பார். எம்எஸ்ஜி_நோஎரர் கொடி போட்டால் எரர் வராது, ஆனால் மெசேஜை வெட்டி மீதியைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். அது இதைவிட மோசம்.

அனுப்புகிற பக்கத்திலும் இதே வினைதான். லினக்சில் வழக்கமான வரம்பு ஒரு மெசேஜுக்கு 8192 பைட், ஒரு கியூவுக்கு மொத்தம் 16384 பைட். அதாவது முழு அளவு மெசேஜ் இரண்டு போட்டால் கியூ நிரம்பிவிடும். நேற்றைய மிச்சம் உள்ளே நிரம்பி இருந்தால் இன்றைய முதல் எம்எஸ்ஜிசென்டே அசையாமல் நிற்கும். பார்க்கிறவர்கள் ப்ரோகிராம் தொங்கிவிட்டது என்பார்கள்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் வந்து பாசிக்ஸ் என்ற புதிய தரத்தின் கியூவுக்கு மாறச் சொல்வார். மாறலாம், தப்பில்லை. அதில் பெயர் வைத்துத் திறக்கலாம், லினக்சில் அது ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த ஃபைலைக் குறிக்கும் எண்) என்பதால், பலவற்றை ஒரே நேரத்தில் கவனிக்கும் போல் (poll), ஈபோல் (epoll) எல்லாம் வேலை செய்யும். எஃப்டோக் தொல்லையும் கிடையாது. (சிஸ்டம் ஃபைவில் இரு பக்கமும் ஒரே கியூவைத் திறக்க ஒரே கீ வேண்டும். எஃப்டோக் ஒரு ஃபைலின் ஐநோடை, அதாவது டிஸ்கில் அந்த ஃபைலுக்குரிய எண்ணை, வைத்துத்தான் அந்தக் கீயைத் தயாரிக்கும். அந்த ஃபைலை அழித்து அதே பெயரில் வேறொன்று வைத்தால் கீ மாறிப்போகலாம். அப்புறம் அனுப்புபவர் ஒரு கியூவில், வாங்குபவர் இன்னொரு கியூவில்!) ஆனால் அழிக்கச் சொல்லும் எம்க்யூ_அன்லிங்க் சொல்லாதவரை பாசிக்ஸ் கியூவும் ரீபூட் வரை உயிரோடுதான் இருக்கும். கேள்வி தீரவில்லை, வேறு பெயரில் வருகிறது. தவிர, மெசேஜின் டைப்பைச் சொல்லி நடுவிலிருந்து உருவி எடுக்கிற வசதி பழைய சிஸ்டம் ஃபைவில்தான் உண்டு. ஒவ்வொரு கிளையன்டின் பிஐடியையும் (ப்ராசஸ் எண்) டைப்பாக வைத்தால் ஒரே கியூவில் எல்லாருக்கும் பதில் அனுப்பலாம். அதற்காகவே நான் இன்னும் அதை விடவில்லை.

அழிக்கும் பொறுப்பை இப்போது வாங்குகிற ப்ராசஸிடம் மட்டுமே கொடுக்கிறேன். அனுப்புபவர் வேலை முடிந்ததென்று எம்எஸ்ஜிசிடிஎல்லில் ஐபிசி_ஆர்எம்ஐடி (கியூவை அழி) அடித்தால், படிக்காத மெசேஜ்களும் சேர்ந்து போகும். காத்திருப்பவருக்கு ஈஐடிஆர்எம் (கியூ அழிந்துவிட்டது) எரர்தான் மிஞ்சும். வாங்குபவரும் கில் -9 (உடனடியாகக் கொல்லும் கமாண்ட்) வாங்கிச் செத்தால் அழிக்க ஆளில்லை. அதனால் வாங்குகிற ப்ராசஸ் தொடங்கும்போதே ஐபிசி_ஸ்டாட் (கியூவின் நிலை) கேட்டு, உள்ளே எத்தனை மெசேஜ், கடைசியாகப் போட்ட பிஐடி எது என்று லாகில் எழுதிவிட்டு, ஐபிசி_நோவெயிட்டோடு (காத்திருக்காமல்) ஒவ்வொன்றாக எடுத்துக் கியூவைக் காலி செய்யும். மேலே திட்டினேனே அந்த எம்எஸ்ஜி_நோஎரர், அதை நான் போடுகிற ஒரே இடம் இதுதான். எப்படியும் தூக்கிப் போடப்போகிற மெசேஜ்தானே!