கடுவன் பூனையும் மண் தட்டும்

புதுச்சேரியிலும் கடலூரிலும் தனியாக வாடகைக்கு இருக்கும் ஆண்கள் பலர் இப்போது நாயை விட்டுப் பூனை பக்கம் திரும்புகிறார்கள். காரணம் தெரிந்ததுதான். சிப்காட்டிலோ சேதராப்பட்டிலோ ஷிப்ட் வேலை, மாடியில் ஒற்றை போர்ஷன், நாய் குரைத்தால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார். காலை மாலை நடத்திக் கூட்டிப்போகவும் நேரம் இருக்காது. பூனையோ ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கிவிடும். 'பூனை வளர்ப்பதெல்லாம் ஆம்பளைக்கு எதற்கு' என்ற பேச்சு ஓய்ந்து வருவதில் எனக்கு மகிழ்ச்சி. வலையை எலி கடிக்காமலிருக்கப் பூனைக்கு மீன் போட்டு வைத்துக்கொண்ட படகுக்காரர்களும் ஆண்கள்தானே.

ஆனால் 'பூனைக்கு வேலையே இல்லை' என்று நம்பி வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. நாய்க்கு உடம்பு முடியாவிட்டால் பெரும்பாலும் முனகிக்கொண்டு காலடியில் வந்து படுக்கும். பூனை ஒளிந்துகொள்ளும். அது மறைப்பதைக் காட்டிக்கொடுப்பது, மலமூத்திரம் போக வைக்கும் லிட்டர் பாக்ஸ் எனும் மண் தட்டுதான்.

தட்டின் நீளம் பூனையின் உடம்பைப்போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். ஈரம் பட்டால் கட்டி சேரும் பென்டோனைட் மண்ணை 5 முதல் 7 செ.மீ. உயரத்துக்குக் கொட்டுங்கள். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு நல்லது. சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். காலையும் இரவும் அள்ளும்போது மூத்திரக் கட்டிகளை எண்ணுங்கள், அளவைப் பாருங்கள். கடல்மணல் சும்மா கிடைக்கிறது என்று அள்ளி வந்தால் அது கட்டி சேராது. நாற்றமும் போகாது, எத்தனை முறை போனது என்றும் தெரியாது. மெத்தையில் போகிறதென்றால் அது திமிர் இல்லை. தட்டு அழுக்காக இருக்கும், அல்லது மூத்திரப்பை வலிக்கும்.

கடுவனுக்கு மூத்திரக்குழாய் மிகக் குறுகல். பொடிக்கல்லோ சளிபோன்ற கசடோ அடைத்துவிட்டால், தட்டில் திரும்பத் திரும்பப் போய் உட்காரும், முக்கும், அடியை நக்கும், சொட்டு வராது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டி ஒரு நாளை வீணடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு நாள்தான் உயிர். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுவிடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரைத் தேடுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அடைப்பு வருவதற்குத் தண்ணீர்க் குறைவும் ஒரு காரணம். 4 கிலோ பூனைக்கு, சாப்பாட்டில் உள்ளதையும் சேர்த்து, நாளுக்கு ஏறக்குறைய 200 மில்லி வேண்டும். ட்ரை ஃபுட்டில் ஈரம் நூற்றுக்குப் பத்துதான், பவுச்சில் வரும் ஈர உணவில் எண்பதுக்குப் பக்கம். மத்தியோ கானாங்கத்தையோ உப்பு, மஞ்சள் போடாமல் வேகவைத்து, முள்ளை எடுத்து, வெந்த தண்ணீரோடு வையுங்கள். அதுவும் வாரம் இரண்டு நாள் போதும். பச்சை மீன் சிலவற்றில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு. எண்ணெய் மீனே தினமும் என்றால் ஈ வைட்டமின் குறைந்து உடம்புக் கொழுப்பே வீங்கி வலிக்கும். தயிர்சோறோ நாய்த்தீனியோ மட்டும் போட்டால் டாரின் என்ற சத்து போதாமல் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றைக் கலக்கும்.

தடுப்பூசியை 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை டாக்டர் சொல்லும் தேதியில் போடுங்கள்; ரேபிஸ் ஊசி 12 வாரத்துக்குப் பிறகு. குடும்பக் கட்டுப்பாட்டை 5, 6 மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, அரை மாத்திரையே கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி போகப் போடும் பெர்மெத்ரின் மருந்தும் அப்படித்தான்.

இன்னொன்று, காசு கொடுத்துப் பெர்சியன் தேடாதீர்கள். நம் கடற்கரைப் புழுக்கத்தில் அந்த நீள முடி சிக்குப் பிடிக்கும், தினமும் சீவ வேண்டும். சப்பை மூக்குக்கு மூச்சும் வாங்கும். தெருவில் கிடக்கும் நாட்டுக்குட்டி இந்த ஊருக்கென்றே பிறந்தது.

பூனையைத் தூக்கிப்போகும் கூடையை டாக்டரிடம் போகும் நாளில் மட்டும் எடுத்தால், பார்த்ததுமே பரணில் ஏறிக்கொள்ளும். 2011-இல் வந்த 'தானே', 2024-இல் வந்த 'ஃபெஞ்சல்' போலப் புயல் வந்து தெருவில் தண்ணீர் ஏறும்போது பரணைத் துழாவ நேரம் இருக்காது. அக்டோபர் பிறக்கும்போதே கூடையை நடுவீட்டில் திறந்து வைத்து, பழைய லுங்கி ஒன்றை விரித்து, தினம் ஒரு வேளைச் சாப்பாட்டை அதற்குள்ளேயே வையுங்கள்.