கட்டைவிரல் தழும்பு

நவம்பர் 11, காலை பதினொரு மணி. போரில் இறந்த படையினரை நினைத்து ரொறன்ரோவில் எல்லோரும் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும்போது, சில வருடங்களாக எனக்கு நினைவுக்கு வருபவர் துப்பாக்கி ஏந்திய வீரர் அல்லர். இடது கட்டைவிரலில் தழும்புள்ள ஒரு தச்சர்.

அவர் எனக்கு உறவில்லை. முதல் உலகப் போருக்குப் போன கனடியப் படையினரின் கோப்புகளை, ஏறத்தாழ 6 லட்சத்து 22 ஆயிரம் பேருடையவை, ஒட்டாவா ஆவணக் காப்பகம் 2018-இல் இணையத்தில் ஏற்றி முடித்தது. வேறு யாரையோ தேடப் போய் இவரிடம் மாட்டிக்கொண்டேன். பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் எங்காவது இருப்பார்கள். பிறந்தது ஸ்கொட்லாந்து. தொழில் என்ற இடத்தில் 'தச்சர்'. திருமணமானவர். உடல் அடையாளங்கள் என்ற இடத்தில் அந்தத் தழும்பு.

என் அப்பாவுக்கும் அதே விரலில்தான் இருந்தது. மரம் அரியத் தொடங்கும்போது கட்டைவிரலை ஓரத்தில் ஊன்றி, அதில் வாளை உரசவிட்டுத்தான் முதல் கீறல் போடுவார்கள். வாள் துள்ளினால் விரல் போயிற்று.

இவரைப் போல் போரில் இறந்தவர்களை மேடைகளில், வந்தேறிய நாட்டுக்கு உயிரையே கொடுத்தவர் என்று உருகுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. செத்தால்தான் இந்த நாட்டுக்காரரா? அதற்கு முன் எத்தனை கூரைக்குச் சட்டம் பூட்டினாரோ, அது கணக்கில்லையா? அவர் ஏன் சேர்ந்தார் என்பதையும் நாம் அவ்வளவு எளிதாகத் தீர்மானித்துவிடக் கூடாது. 1913-இல் தொடங்கிய மந்தத்தில் கட்டட வேலைகள் படுத்துவிட்டன. சாதாரண சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு 1 டாலர் 10 சதம். வீட்டில் மனைவிக்கு மாதம் 20 டாலர் உதவித்தொகை. தேசபக்தியும் இருந்திருக்கும், வீட்டு வாடகையும் இருந்திருக்கும். பிள்ளை குட்டிக்காரன் இரண்டையும் சேர்த்துத்தானே யோசிப்பான்? இப்படிச் சொன்னதற்கு ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். கோபிக்கட்டும்.

பிரான்சில் இருக்கும் அவருடைய கல்லறைக் கல்லைப் படத்தில் பார்த்தேன். மேப்பிள் இலை, படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த நாள். அடியில் குடும்பம் விரும்பினால் ஒரு வரி, இடைவெளியும் சேர்த்து 66 எழுத்துக்குள். நான் பார்த்த கற்களில் அந்த வரியில் கணவர் வருகிறார், தந்தை வருகிறார். தச்சர் எங்கும் வரவில்லை. வாழ்நாளெல்லாம் அவர் சோறு தின்ற தொழில் அது. சீருடை போட்டிருந்ததோ இரண்டே வருடம்.

கோப்பின் கடைசித் தாள்களில் பதக்கம் எந்த முகவரிக்கு, இறந்தவரின் குடும்பத்துக்கு அரசு கொடுக்கும் வெள்ளிச் சிலுவை யாருக்கு என்றெல்லாம் ஒழுங்காகக் குறித்திருக்கிறார்கள். தாய்க்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. அவருடைய உளிகள் யாரிடம் போயின என்று எந்தத் தாளிலும் இல்லை.

அப்பாவின் சீவுளி என்னிடம் இருக்கிறது. எனக்கு அதைப் பிடிக்கக்கூடத் தெரியாது. துருப்பிடிக்காமல் எண்ணெய் மட்டும் பூசி வைக்கிறேன்.