ஆன் பிரான்டேவுக்கு ஒரே வரிதானா?

19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர்களான பிரான்டே சகோதரிகள் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் ஷார்லட்டுக்கும் எமிலிக்கும் பத்தி பத்தியாக இடம் இருக்கிறது, கடைசித் தங்கை ஆனுக்கு மட்டும் ஒரே வரி. மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

1848இல் வந்த அவருடைய 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' நாவலைப் படித்துப் பாருங்கள். குடிகாரக் கணவனிடமிருந்து தப்பி, படம் வரைந்து விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கதாநாயகி ஹெலன் ரகசியமாகத் திட்டம் போடுகிறாள். அவன் அவளுடைய நாட்குறிப்பைப் பிடுங்கிப் படிக்கிறான், சாவிகளை வாங்கிக்கொள்கிறான், வர்ணம், தூரிகை என்று எல்லாவற்றையும் நெருப்பில் போடுகிறான். வர்ணம் கரைக்கும் டர்பன்டைன் எண்ணெய் சீறிக்கொண்டு புகைபோக்கியில் எரிந்து ஏறுகிறது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அன்றைய இங்கிலாந்தில் மனைவி சம்பாதித்த காசும் சட்டப்படி கணவனுடையதுதான். அதை மாற்றிய முதல் சட்டம் 1870இல்தான் வந்தது. அப்படியிருந்தும் ஹெலன் பையனைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறாள்.

1849இல், 29 வயதில், ஆன் இறந்துபோனார். அப்புறம் இந்த நாவல் காப்பாற்றி வைக்கத் தக்கதாகத் தோன்றவில்லை என்று எழுதியவர் அக்கா ஷார்லட்டேதான். ஷார்லட்டின் எழுத்து என்றால் எனக்கு உயிர். ஆனாலும் இதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை.